முப்பத்தோராவது கேள்வி

ஜனவரி 11

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். இனி எதுவானாலும் காகிதத்தில் வரட்டும், போனில் வேண்டாம் என்று நீங்கள் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. அதன்படியே எழுதுகிறேன்.

எங்கள் தெருமுனையில் இருக்கும் தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். காலை ஐந்தரைக்கே வரிசையில் நின்று வாங்கிவிட்டேன். இடம் நாற்பது. விண்ணப்பம் அறுநூறைத் தாண்டும் என்கிறார்கள். மார்ச் 4ஆம் தேதி நேர்முகத் தேர்வு. என் மகனும் உங்கள் மகளும் வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலையை முடித்துக்கொண்டு திரும்ப இன்னும் மூன்று வருடம் ஆகும். அதுவரைக்கும் அவர்கள் எடுத்த முடிவை உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். இடம் கிடைத்தால் குழந்தை ஏப்ரலிலிருந்து என் வீட்டில். கிடைக்காவிட்டால் இப்போது போலவே உங்கள் வீட்டில், உங்கள் தெருப் பள்ளியில். பெற்றவர்கள் சொன்னபின் நாம் இதில் பேச ஒன்றும் இல்லை.

தேர்வைப் பற்றி மட்டும் பேசலாம். குழந்தை இரண்டு வருடமாக உங்களோடு இருப்பதால் தயார் செய்ய வேண்டியது நீங்கள்தான். முப்பது கேள்விகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் பள்ளியில் இருந்தவள், கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவள் என்பதால் சொல்கிறேன், இந்த முப்பதைத் தாண்டி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து கேள்வி போதும். பதில் முழு வாக்கியமாக வர வேண்டும். தலையாட்டுவது, விரலை வாயில் வைப்பது கூடாது. எண்கள் ஒன்று முதல் நூறு வரை. நிறங்கள் பன்னிரண்டு.

மாலை நேரங்களில் குழந்தை உங்கள் வேலையிடத்தில், லிஃப்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாக மகன் சொன்னான். எனக்கு அது சரியாகப் படவில்லை. தேர்வு முடியும் வரையாவது தவிர்க்கப் பாருங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் தாயார்


ஜனவரி 18

டீச்சரம்மாவுக்கு,

கடிதமும் கேள்வித்தாளும் மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தன. உங்கள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது, குறை சொல்ல முடியாது. என் கையெழுத்தும் மோசமில்லை என்பதை இப்போது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. நின்ற இடம் வரைக்கும் ஒழுங்காகப் படித்தவள் நான்.

முதலில் லிஃப்ட் விஷயம். பள்ளி மூன்றரைக்கு விடுகிறது. எனக்கு வேலை ஆறரை வரை. நடுவில் மூன்று மணி நேரம் பாப்பாவைப் பூட்டிய வீட்டில் வைக்கச் சொல்கிறீர்களா? எங்களுடையது எட்டு மாடிக் கட்டடம், ஒரே லிஃப்ட். பழைய மாதிரி. இரண்டு கம்பிக் கதவையும் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். அதனால்தான் ஆள் போட்டிருக்கிறார்கள். பதினாலு வருடமாக அந்த ஆள் நான். ஒரு நாள்கூட யாரையும் இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தியதில்லை.

என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் பாப்பாவுக்கு ஒரு முக்காலி. யார் ஏறினாலும் "எந்த மாடி?" என்று அவள்தான் கேட்பாள். ஐந்தாவது மாடிக்குப் போகிறவர்களை மட்டும் கேட்க மாட்டாள். அங்கே பல் டாக்டர் இருக்கிறார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பேச வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே புரிந்துகொண்டாள். மூன்றாவது மாடி ஆடிட்டர் ஆபீஸ் கிளார்க் அவளைச் 'சின்ன ஆபரேட்டர்' என்றுதான் கூப்பிடுவார். படிக்கக் கற்றுக்கொண்டது கீழே மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து. உங்கள் முப்பதில் எழுத்துக் கேள்விகள் ஐந்து இருக்கின்றன. அந்த ஐந்தும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எண்ணில்தான் ஒரு சிக்கல். எட்டிலிருந்து கீழே இறங்கச் சொன்னால் மூச்சு விடாமல் இறங்குகிறாள். ஏறும்போதும் எட்டு வரைக்கும் பிசகு இல்லை. "எட்டுக்கு அப்புறம் என்ன?" என்று கேட்டால் "மொட்டை மாடி" என்கிறாள். சிரிக்காதீர்கள். எங்கள் கட்டடத்தில் அதுதான் உண்மை. அதனால் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் படியில் ஏறுகிறோம். மாடிக்கு இருபத்திரண்டு படி. எண்ணிக்கொண்டே ஏறினால் பல் டாக்டர் வாசலைத் தொடுவதற்குள் நூறு வந்துவிடுகிறது. என் முழங்காலுக்குத்தான் இந்தப் படிப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மகள் அந்த முடிவைச் சொன்னபோது நான் சரி என்றேன். என் கையில் இருந்த பிள்ளை தேறவில்லை என்ற பேச்சு வரக் கூடாது. தேறிவிட்டால் என் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் படி ஏறுகிறேன்.

உங்கள் மருமகளின் அம்மா


ஜனவரி 27

சம்பந்தியம்மாவுக்கு,

படி ஏறும் யோசனை நல்லது. எங்கள் பள்ளியில் மணிச்சட்டம் வைத்துச் சொல்லிக்கொடுப்போம். உங்கள் வழியில் குழந்தைக்குப் பசியும் எடுக்கும். மொட்டை மாடியை வாசித்து நான் சிரிக்கவில்லை. பல் டாக்டர் விஷயத்தை மட்டும் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னேன்.

விண்ணப்பத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன். அதில் பதினாறாவது கட்டம் என்று ஒன்று இருக்கிறது. குழந்தை இப்போது யாருடன் வசிக்கிறது, அவருடைய கல்வி என்ன, தொழில் என்ன. அதில் என்னை எழுதியிருக்கிறேன். கல்வி எம்.ஏ., எம்.எட். தொழில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. இடம் கிடைத்தால் குழந்தை என்னோடுதானே இருக்கப் போகிறது. இரண்டு மாதம் முன்னதாக எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முப்பத்தோராவதாக ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 'நீ யாரோடு இருக்கிறாய்?' பதில்: 'நான் டீச்சர் பாட்டியோடு இருக்கிறேன்.' குழந்தை என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது என்பதால் அதுவே இயல்பாக இருக்கும். மற்ற முப்பதோடு கலந்து கேளுங்கள். தனியாக எடுத்துக் கேட்டால் இதில் ஏதோ இருக்கிறது என்று குழந்தைக்குத் தட்டுப்பட்டுவிடும்.

உங்கள் மாப்பிள்ளையின் தாயார்


பிப்ரவரி 3

டீச்சரம்மாவுக்கு,

எண் நூறைத் தாண்டி நூற்று எழுபத்தாறு வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு மேல் கட்டடம் இல்லை. நிறம் பன்னிரண்டும் தெரியும். விரல் வாய்க்குப் போவது நின்றுவிட்டது. முப்பது கேள்வியும் முடிந்தது.

முப்பத்தொன்றை நான் கேட்கவில்லை.

காகிதம்தான் வேண்டும் என்று ஏன் சொன்னேன் என்பதை நான் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. அன்று பேசி முடித்ததும் போனை வைத்துவிட்டதாக நினைத்தீர்கள். லைன் திறந்தே இருந்தது. "அஞ்சாம் கிளாஸ் படிச்சவங்க கையில குழந்தைய விட்டா இப்படித்தான் இருக்கும்" என்று யாரிடமோ சொன்னீர்கள். வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது என் தப்பு. சொன்னது உங்கள் தப்பு. எழுத உட்கார்ந்தால் மனிதர் கொஞ்சம் யோசிப்பார்கள் என்றுதான் காகிதம் என்றேன். இப்போது நீங்கள் யோசித்தே எழுதியிருக்கிறீர்கள்.

பாப்பா என்னிடம் வந்தபோது அவளுக்கு மூன்றே முக்கால் வயது. ஆறு மாதம் அவளுடைய அம்மாவின் பழைய சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். அந்தச் சட்டையைத் துவைக்க விடமாட்டாள். வாசனை போய்விடுமாம். ஒரு நாள் அவளே கொண்டுவந்து, "பாட்டி, இத தோய்ச்சிடலாம்" என்றாள். அன்றைக்கு நான் லீவு போட்டேன். இதையெல்லாம் எழுத அந்தப் பதினாறாவது கட்டத்தில் இடம் இருக்காது. இருந்தாலும் அது என்னுடைய கட்டம்.

எழுதியது நீங்கள். அதைச் சொல்ல வேண்டியது மட்டும் பாப்பாவா?

உங்கள் மருமகளின் அம்மா


பிப்ரவரி 10

சம்பந்தியம்மாவுக்கு,

அன்று நான் சொன்னது உங்கள் காதில் விழுந்தது என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். போன் செலவை மிச்சம் பிடிக்கக் காகிதம் கேட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எழுத இரண்டு தாள்களில் தொடங்கினேன். இரண்டும் சரியாக வரவில்லை. இது மூன்றாவது தாள், ஆகவே அதைத் தொடவில்லை.

பதினாறாவது கட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் பதவியில் இருந்த காலத்தில் விண்ணப்பங்கள் கோணிப்பையில் வரும். எல்லாவற்றையும் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அந்த ஒரு கட்டத்தைப் பார்த்து இரண்டு அடுக்காகப் பிரிப்போம். பட்டம் பெற்றவர்கள் வலப்பக்கம், மற்றவர்கள் இடப்பக்கம். இடப்பக்கத்துக் குழந்தைகளைத் தேர்வுக்கே கூப்பிட மாட்டோம். 'வருந்துகிறோம்' என்று ஒரு அட்டை போகும். 'கூப்பிட மாட்டோம்' என்று எழுதினேன். பிரித்தது நான்தான். ஒன்பது வருடம்.

உங்கள் பெயரை எழுதியிருந்தால் நம் குழந்தை எந்த அடுக்கில் விழும் என்பது எனக்குத் தெரியும். நான் செய்த காரியம் என்பதால் தெரியும்.

சொல்லிக்கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். இரண்டில் எதுவானாலும் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாகக் குழந்தையைக் கொண்டுவந்து விடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் தாயார்


பிப்ரவரி 21

டீச்சரம்மாவுக்கு,

சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். இடப்பக்க அடுக்கைப் பற்றி நீங்கள் எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. என்னால் பாப்பாவின் தாள் அந்தப் பக்கம் விழுந்ததாக இருக்கக் கூடாது. அதனால் செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, மற்றக் கேள்விகளோடு கலந்து கேட்டேன். கலந்து கேட்டாலும் அவளுக்குத் தட்டுப்பட்டுவிட்டது.

"நான் உங்ககூடதானே இருக்கேன்?" என்றாள்.

ஆமாம், அங்கே போனபிறகு அவர்களோடு இருக்கப் போகிறாய், இப்போதே சொல்லிப் பழகிக்கொள் என்றேன். ஒரு மாடி தாண்டியது. பிறகு, "அப்ப நீங்க யாரு?" என்றாள். உங்கள் தாளில் அதற்குப் பதில் இல்லை. அதற்குள் ஏழாவது மாடியில் கட்டட மேனேஜர் மணி அடித்துவிட்டார். கதவைச் சாத்துகிறேன், அவள் விடவில்லை. "அன்னிக்கி ஒரு நாளைக்கு மட்டும் உங்க பேரு டீச்சர் பாட்டியா?" என்றாள். மேனேஜர் மணியை விட்டபாடில்லை. சரி, அப்படியே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். உடனே அவள் முகம் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டாலும் "நான் டீச்சர் பாட்டியோடு இருக்கிறேன்" என்று முழு வாக்கியமாகச் சொல்கிறாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விளையாட்டு போல.

மார்ச் 2ஆம் தேதி காலை பஸ்ஸில் அழைத்து வருகிறேன். சாயங்காலமே திரும்ப வேண்டும், லீவு ஒரு நாள்தான். தலை வாரும்போது முன்பக்கம் இழுத்துக் கட்டாதீர்கள், வலித்தாலும் சொல்ல மாட்டாள்.

உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 9

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து குழந்தையை அழைத்துப் போனபோது, தேர்வு எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். நடந்தது என்று மட்டும் சொன்னேன். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. எழுதுகிறேன்.

அறைக்குள் பள்ளி முதல்வரும் குறிப்பு எடுக்க ஒரு ஆசிரியையும் இருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு மீன் தொட்டி. முதல்வருக்கு என் மருமகள் வயதுதான் இருக்கும். எனக்கு மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பழக்கம் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குழந்தை நன்றாகச் செய்தது. 'நன்றாக' என்று நான் யாருக்கும் எளிதில் எழுதியதில்லை. வரிசையாகப் பதினாறு கேள்விகள், பதினாறுக்கும் முழு வாக்கியம். மேஜை மேல் கிடந்த கடிதத் தலைப்பைத் தலைகீழாகவே படித்துக் காட்டியது. குறிப்பு எழுதும் ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். எட்டுக்குப் பிறகு என்ன என்று கேட்டபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது என்றது.

அதற்கடுத்துதான் முப்பத்தொன்று வந்தது. டீச்சர் பாட்டியோடு இருப்பதாக அழகாகச் சொன்னது. முதல்வர் அதோடு விட்டிருக்கலாம். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் விட்டிருப்பேன். அவர், "அப்படியா? டீச்சர் பாட்டி சாயங்காலம் எல்லாம் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"லிஃப்ட்ல உக்காந்திருப்பாங்க. கதவ இழுத்துச் சாத்துவாங்க. யாரு வந்தாலும் எந்த மாடின்னு நான் கேப்பேன், அவங்க பட்டன் அழுத்துவாங்க. அஞ்சாவது மாடிக்காரங்கள மட்டும் கேக்க மாட்டோம். அவங்களுக்குப் பல்லு வலிக்கும்" என்றது குழந்தை.

முதல்வர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாளில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

"நீங்க லிஃப்ட்லயா வேலை பாக்கறீங்க?" என்றார்.

குழந்தையும் என்னைப் பார்த்தது. அதன் முகத்தில் பயம் இல்லை. அதன் கணக்குப்படி அது சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. இல்லை என்று நான் சொன்னால், பொய் சொன்னது குழந்தை என்று ஆகும். ஆமாம் என்றால் நான் என்று ஆகும். இதை யோசித்துச் செய்ததாக எழுத ஆசைதான். யோசிக்க நேரம் இருக்கவில்லை.

"ஆமாம்" என்றேன்.

எத்தனை வருடமாக என்று கேட்டார். பதினாலு என்றேன். எத்தனை மாடி என்றார். எட்டு, அதற்கு மேல் மொட்டை மாடி என்றேன். உங்கள் கடிதங்களை நான் அவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

முதல்வர் குழந்தையை வெளியே அழைத்துப் போய்த் தோட்டத்தைக் காட்டச் சொல்லி ஆசிரியையை அனுப்பினார். பொய் சொன்னதற்காக எத்தனையோ பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தவள் நான். அன்று குழந்தை வெளியே போயிற்று, நான் உள்ளே இருந்தேன். விண்ணப்பத்தைத் திருப்பித் தாருங்கள், அதில் பதினாறாவது கட்டம் தவறு என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்கு பிரித்ததையும் சொன்னேன். அவர், "யோசிக்கிறோம்" என்றார். அந்தச் சொல்லுக்கு மேஜையின் அந்தப் பக்கத்தில் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்றரை வருடத்துக்கு முன் போனில் நான் சொன்னதற்கும் சேர்த்து இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் தாயார்


மார்ச் 15

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை லிஃப்டைக் கீழே நிறுத்திவைத்துப் படித்தேன். மூன்று தரம். மேலே மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினாலு வருடத்தில் முதல் புகார் போன வெள்ளிக்கிழமை மேனேஜருக்குப் போயிருக்கிறது.

மணி அடித்த அவசரத்தில் 'அப்படியே வைத்துக்கொள்' என்று சொன்னது நான். அந்தப் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன், மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாடி, பதினாலு வருடம், எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். எந்தக் கதவை முதலில் சாத்த வேண்டும் என்று அந்த அம்மா கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். வெளிக்கதவு முதலில், உள்கதவு அப்புறம். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா இங்கே வந்ததிலிருந்து ஆடிட்டர் ஆபீஸ் கிளார்க்கிடம் மீன் தொட்டியைப் பற்றித்தான் பேச்சு. அதில் ஒரு மீன் அசையாமலே நிற்குமாம். அதற்கும் பல் வலியோ என்று அவர் கேட்டார்.

இடம் போய்விட்டது என்றுதான் எனக்கும் படுகிறது. அதில் எனக்கு நிம்மதியா என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 23

சம்பந்தியம்மாவுக்கு,

பள்ளி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள், போய் வந்தேன். புதிய தாள் கொடுத்தார்கள். பதினாறாவது கட்டத்தில் உங்களை எழுதினேன். கல்வி, ஐந்தாம் வகுப்பு. தொழில், லிஃப்ட் ஆபரேட்டர், பதினாலு வருட அனுபவம். பாதுகாவலர் நீங்கள். முகவரி உங்களுடையது. நிச்சயமாக இப்படித்தான் எழுத வேண்டுமா என்று அங்கிருந்த எழுத்தர் என்னை இரண்டு தரம் கேட்டார்.

முடிவு ஏப்ரல் முதல் வாரத்தில் பாதுகாவலர் முகவரிக்குப் பதிவுத் தபாலில் வரும். எனக்கு எதுவும் வராது. உங்களுக்கும் 'வருந்துகிறோம்' அட்டைதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி வந்தால் அதற்குக் காரணம் முதலில் நான் எழுதியதும் பிறகு நான் சொன்னதும்தான். இதை என் மகனுக்கும் மருமகளுக்கும் எழுதிவிட்டேன். உங்கள் மீது யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

வந்ததும் ஒரு வரி போடுங்கள். போனில் சொன்னாலும் சரி.

உங்கள் மாப்பிள்ளையின் தாயார்


ஏப்ரல் 15

டீச்சரம்மாவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது பாப்பா உங்கள் வீட்டில் இருப்பாள். நான் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். இன்று சாயங்காலம் உங்களுக்குப் போன் செய்து, இடம் கிடைத்துவிட்டது, நாளைக் காலை பஸ்ஸில் வருகிறோம் என்று மட்டும் சொன்னேன். மீதியை இதில் எழுதி, பஸ் நிலையத்துப் பெட்டியில் போட்டுவிட்டு ஏறுவேன். கையில் கொடுத்தால் என் எதிரிலேயே பிரித்துவிடுவீர்கள்.

பள்ளித் தாள் இன்றைக்கு வரவில்லை. 6ஆம் தேதியே வந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டு வாங்கி, லிஃப்டில் வைத்துப் பிரித்தேன். இடம் உண்டு என்று இருந்தது. பாதுகாவலர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு 16ஆம் தேதிக்குள் நேரில் கொடுக்க வேண்டும், தவறினால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும் என்றும் இருந்தது. மடித்து ஸ்டூல் மெத்தைக்கு அடியில் வைத்தேன். ஒன்பது நாள் அதன் மேல் உட்கார்ந்துகொண்டுதான் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன்.

கிழித்துப் போடவும் இல்லை, வெளியே எடுக்கவும் இல்லை. சும்மா இருந்தால் போதும், 16ஆம் தேதி தானாகத் தாண்டிவிடும். யாருக்கும் தெரியாது. மகள் போனில் கேட்டபோது இன்னும் வரவில்லை என்றேன். "அத்தை எல்லாத்தையும் எழுதியிருக்காங்கம்மா, அவங்களாலதான் போச்சுன்னு அவங்களே சொல்றாங்க" என்றாள். இடம் போனால் பழி உங்கள் மேல் விழும். நீங்களும் மறுபேச்சு இல்லாமல் சுமந்துகொள்வீர்கள். அதற்கு வேண்டியதையெல்லாம் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அப்படியும் நான் தாளை எடுக்கவில்லை. இரண்டு நாள் எடுக்கவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று நாலு மணிக்கு ஆடிட்டர் ஆபீஸ் கிளார்க் ஏறினார். "சின்ன ஆபரேட்டருக்கு சீட்டு வந்துச்சாம்மா?" என்றார். இன்னும் வரவில்லை என்றேன். அவர் விடவில்லை. அதே பள்ளிக்கு விண்ணப்பித்த தன் தம்பி பையனுக்குப் போன வாரமே அட்டை வந்துவிட்டது, எல்லாருக்கும் ஒரே நாளில்தான் அனுப்பினார்கள் என்றார். பாப்பா முக்காலியிலிருந்து எழுந்து அவரிடம், "வந்திருந்தா பாட்டி சொல்லியிருப்பாங்க. வரல" என்றாள். எனக்காகப் பேசினாள். எதுவும் தெரியாமல் பேசினாள். நீங்கள் அவளுக்காகச் சொன்ன 'ஆமாம்' உங்களுக்குத் தெரிந்து சொன்னது.

மூன்றாவது மாடியில் கதவைத் திறக்காமல், அவரிடமே பேனா வாங்கி, மெத்தையைத் தூக்கித் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பாதுகாவலரின் கல்வித் தகுதி என்று அதிலும் ஒரு கட்டம் இருந்தது. ஐந்தாம் வகுப்பு என்று எழுத்தில் எழுதினேன். பாப்பா எட்டிப் பார்த்து அதைப் படித்தாள். பிறகு, கடிதம் கிடைத்த நாள் என்ற கட்டத்தில் நான் எழுதிய தேதியையும் படித்தாள். "பாட்டி, இது ஆறாம் தேதியே வந்திருக்கே" என்றாள். ஆமாம், நான்தான் எடுத்து வைத்திருந்தேன் என்றேன். ஏன் என்றாள். நீ போய்விடுவாய் என்று, என்றேன். அதைக் கேட்டுக்கொண்டு, "மூணாவது மாடி வந்துடுச்சு, கதவத் திறங்க" என்றாள். ராத்திரி தன் துணிகளைத் தானே மடித்து வைத்தாள்.

நான் எப்போது வருவேன் என்று உங்களிடம் கேட்பாள். மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாவது ஞாயிறும் என்று சொல்லியிருக்கிறேன், அதற்கு மேல் எனக்கு லீவு இல்லை. அழுதால் அழட்டும். சமாதானத்துக்காக நாளைக்கு வந்துவிடுவார், நாளன்றைக்கு வந்துவிடுவார் என்று சொல்லாதீர்கள். அவளுக்குப் பொய் சரியாக வராது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்துப் பார்த்தாகிவிட்டது.

உங்கள் மருமகளின் அம்மா